ஒண்ணு இருந்தாப் போதுங்க

நான் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து செய்த அட்டவணையை, என் கண் முன்னாலேயே, ஒரு தம்ளர் டீ ஆறுவதற்குள் குலைத்துப்போட்டார் அவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது; அவர் எனக்கு முன்பே அங்கே கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். செம்மேட்டில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து எங்கள் திட்ட அலுவலகம் நடந்துகொண்டிருந்தது. கொல்லிமலையில் ஊர்களைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து நாடு என்பார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம் கொடுத்து, ஊர்ப் பெயர்களை நடுவில் பெரிதாக வைத்து, ஊருக்கு ஊர் ஒரு வரி இடைவெளி விட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி இழைத்து வைத்திருந்தேன். அவர் எட்டிப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுகணமே மவுஸைத் தன் பக்கம் இழுத்து நிறத்தையெல்லாம் வழித்து எடுத்துவிட்டார். தலைப்பைப் பிரித்தார். இடைவெளி வரிகளைத் தூக்கினார். ஊர்ப் பெயரை ஒவ்வொரு வரியிலும் முதலில் இருந்து கடைசி வரை இறக்கினார்.

"ஏனுங்க, என்னங்க பண்றீங்க!" என்று கத்தியே விட்டேன்.

"பாக்க நல்லா இருக்குதுங்க, எண்ணறதுக்கு ஆகாதுங்க. ஒரு வரியில ஒரு ஆளு. ஒரு கட்டத்துல ஒரு சேதி. அதுக்கு மேல வெச்சா மிஷினு தெணறிப்போயிரும்."

"ஊர்ப் பேர மட்டும் எல்லா வரியிலயும் எழுதறீங்க?"

"ஊரு எத்தன தடவ வேணாலும் வரலாமுங்க. ஆளு வரக்கூடாது. ஆளு ஒண்ணு இருந்தாப் போதுங்க."

அந்த 'ஒண்ணு இருந்தாப் போதுங்க'வைப் பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அலுவலகத்தில் ஸ்டேப்ளர் இரண்டு இருந்தால் ஒன்றைப் பக்கத்து பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பிவிடுவார். எதிரே டீக்கடையில் ஒரே அரிசி மில்லின் காலண்டர் இரண்டு தொங்கியது. வந்த புதிதில் ஒன்றைக் கழற்றிச் சுருட்டிக் கடைக்கார அக்கா கையில் கொடுத்துவிட்டாராம். "தேதி ஒண்ணுதானுங்களே, எதுக்கு ரெண்டு?" என்று கேட்டிருக்கிறார். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கி அடுக்குக்குள் வைத்துவிட்டாள். ஒட்டிப் பிறந்த வாழைப்பழம் சீப்பில் வந்தால் அதைத் தொடமாட்டார், நாங்கள் தின்றாலும் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு பதிலை இரண்டாம் தரம் கேட்டால் பேசவே மாட்டார். காதில் விழவில்லை என்றால் நம் பாடு. ஆளுக்கு வயது முப்பதுக்குள்தான். அடிவாரத்து விவசாயக் குடும்பம், என்னைப் போலவே. எங்கள் ஊரும் அவருடைய ஊரும் மலைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம், அவ்வளவுதான். நாங்கள் அவருக்கு 'ஒத்தையாளு' என்று பெயர் வைத்திருந்தோம். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரே ஒரு முறை எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் கோயில் வழியில் நடந்துகொண்டிருந்தோம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பெண் குழந்தைகள், ஒரே மாதிரி பாவாடை சட்டை, ஆளுக்கொரு ஐஸ்குச்சியோடு எதிரே வந்தன. நான் "ஐயோ, எவ்வளவு அழகு" என்று குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவர் இல்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு எங்கோ போய்விட்டிருந்தார். பிறகு தண்ணீர்க் குழாயடியில் பிடித்தேன். முகம் வெளிறிக் கிடந்தது. வெயில் என்றார். கொல்லிமலையில் ஆடி மாதத்தில் என்ன வெயில்?

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மலை முழுக்க வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்ற தாய்மாரிடம் அவர்கள் பெற்றவர்களைப் பற்றிக் கேட்டு எழுதிவந்தார்கள் எங்கள் பையன்கள். பெயர், வயது, எடை, போட்ட ஊசி, இறந்திருந்தால் எந்த வயதில். அதையெல்லாம் கணினியில் ஏற்றி, எந்த நாட்டில் குழந்தைகள் அதிகம் சாகின்றன என்று நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த நாட்டுக்குள்ளேயே ஒரு நர்சையும் ஒரு ஜீப்பையும் நிறுத்துவார்கள். திட்டத்தில் மலைக்கே ஒரு நர்ஸ், ஒரு ஜீப்தான் இருந்தது. மற்றவர்களுக்குப் பழையபடி கொண்டை ஊசி வளைவுகள்தான். வலி எடுத்த பெண்ணை அந்த வளைவுகளில் இறக்கிக்கொண்டு போவது எப்படியிருக்கும் என்று சும்மா பஸ்ஸில் வந்தவர்களுக்கே தெரியும்.

டீக்கடை அக்கா அப்போது மாசமாக இருந்தாள். வாழவந்தி நாட்டுக்குள்ளே, பஸ் நின்ற பிறகும் நடக்க வேண்டிய ஒரு ஊர் அவளுடையது. பெற்ற பிள்ளைகள் அங்கே மாமியாரிடம் இருந்தார்கள். பிரசவத்துக்கு அவளும் அங்கேதான் போயாக வேண்டும். டீ கொடுக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"நர்சம்மா எங்க பக்கம் வருதா கண்ணு?"

"கணக்கு முடியட்டுங்க அக்கா."

"சட்டுனு முடி சாமி. வவுறு உன்ற கணக்குக்குக் காத்திருக்காது."

கணக்கு சட்டென்று முடிகிற மாதிரி இல்லை. பையன்கள் ஒரு தாய்க்கு ஒரு வரி என்று ஏற்றியிருந்தார்கள். முதல் பிள்ளையின் பெயர், வயது, எடை, ஊசி, பிறகு இரண்டாம் பிள்ளை, மூன்றாம் பிள்ளை என்று வரி வலப்பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது. நகர்த்தி நகர்த்தி விரல் வலிக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி என்று அதைத் திருப்பிப் போட வேண்டும். கையால் செய்தால் அடுத்த ஆடி வந்துவிடும். அவர் எங்கேயோ கேள்விப்பட்டு, ஆர் என்று ஒற்றை எழுத்தைப் பெயராகக் கொண்ட ஒரு புள்ளியியல் மென்பொருளைச் சேலத்தில் ஒரு குறுந்தட்டில் பதிந்து வாங்கிவந்தார். அந்தப் பெயரே அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். கூடவே ஆங்கிலக் கையேடு ஒன்று, அச்சடித்த தாள்கள் கட்டாக.

எனக்கும் ஒரு மண்ணும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நான் வாசிப்பேன், அவர் அடிப்பார். ஒரு கமா விட்டுப்போனால் சிவப்பாகத் திட்டும். அடைப்புக்குறியை மூடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கும், நாங்களும் அது யோசிக்கிறது என்று நினைத்துக் காத்திருப்போம். மழை பிடித்தால் கரண்டு போய்விடும். வந்ததும் முதலிலிருந்து. "மூலத்தத் தொடக்கூடாதுங்க. எதப் பண்ணாலும் நகல்ல பண்ணோணும், ஒதுக்கறத வேறயா ஒதுக்கி வெக்கோணும்" என்று கையேட்டில் படித்ததைப் பிடித்துக்கொண்டார். ஒன்று போதும் என்கிற ஆள் நகல் எடுப்பதைப் பார்த்து நான் கேலி செய்தேன்.

ஒரு மத்தியானம் வரியைத் திருப்பிப் போடுகிற கட்டளை பலித்தது. அவர் பொத்தானை அழுத்தினார், திரை ஒரு நொடி வெறுமையானது, பிறகு நீட்டிப் படுத்திருந்த குடும்பங்களெல்லாம் எழுந்து ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. அம்மா பெயர், பிள்ளை பெயர், வயது, எடை. அம்மா பெயர், பிள்ளை பெயர், வயது, எடை. நான் நாற்காலியை விட்டுக் குதித்தேன். அவர் குழந்தை மாதிரி சிரித்தார். அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிரிப்பு நின்றதையும் பார்த்தேன். திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் கையை எடுத்துவிட்டார். ஒரே தாய்க்குக் கீழே ஒரே பெயர் இரண்டு வரிகளில் இருந்தது. ஒரு வரியில் வயது, எடை, ஊசி எல்லாம் இருந்தன. இன்னொன்றில் பெயர் மட்டும். இன்னும் கொஞ்சம் கீழே இன்னொரு வீட்டிலும் அதே கதை. வாழவந்தி நாட்டுப் பக்கம் நாலைந்து ஊர்களில் இப்படி நிறைய இருந்தது.

"என்னங்க இது?" என்றேன்.

"பசங்க ரெண்டு தடவ அடிச்சுட்டாங்க" என்றார். குரல் தட்டையாக இருந்தது. "முழுசா இருக்கறத வெச்சுக்கலாம். ஒண்ணு இருந்தாப் போதுங்க."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மற்ற நாடுகளிலும் பெயர் மட்டும் இருந்த வரிகள் உண்டு. ஆனால் அவை இரட்டை இல்லை. அவற்றைப் பையன்களிடம் கொடுத்துத் திரும்பப் போய்க் கேட்கச் சொன்னார். கேட்டுவந்தார்கள். பெரும்பாலும் இறந்த பிள்ளைகள். தாய்கள் பெயரைச் சொல்லிவிட்டு அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை என்றார்கள். வாழவந்திப் பக்கத்து இரட்டை வரிகளுக்கு யாரும் போகவில்லை. ஒரே கட்டளையில் அவை காணாமல் போயின.

படம் வந்தது. குழந்தைச் சாவுக்குச் சிவப்பு என்று வைத்திருந்தோம்; மலையின் படத்தில் எல்லா நாட்டிலும் கூடக் குறைய சிவப்பு. வாழவந்திப் பக்கம் அந்த ஊர்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று. சென்னையிலிருந்த திட்டத் தலைவர் போனிலேயே பாராட்டினார். அடுத்த வாரம் வந்து முடிவை அறிவிப்பதாகவும் நர்ஸ் அநேகமாகத் தேவனூர் நாட்டுக்கு என்றும் சொன்னார்.

எனக்கு டீக்கடை அக்காவை நினைத்துச் சங்கடம். ஆனாலும் ஒளிக்க முடியுமா? அவரும் நானுமாகப் போய் நின்றோம். நான்தான் சொன்னேன்.

"அக்கா, நர்சு உங்க பக்கம் வராதாட்ட இருக்குதுங்க. உங்க ஊர்ப் பக்கமெல்லாம் கொழந்தைங்க நல்லா இருக்குதுங்களாம். ஒண்ணுகூட சாகலையாம்."

அவள் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"ஆரு சொன்னா?"

"கணக்குங்க."

"அப்ப எம்பட பெரிய சடையன் எங்க போனான் கண்ணு?"

எனக்குப் புரியவில்லை. "சடையன் ஊர்ல பள்ளிக்கூடம் போறான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது சின்னவன். மொதல்ல பொறந்தானே, அவனும் சடையன்தான். அவிங்க தாத்தன் பேரு அது. மூத்தவன் வாங்கிட்டு வந்த பேரு அவனோட போயிருமா? அடுத்தவன் வாங்கிக்கோணும். எங்கூர்ல போய்க் கேளு, ஊட்டுக்கு ஊடு இருக்குது." அவள் குரல் உயர்ந்தது. "தொட்டில்ல கெடந்தவன் சாமி. ராவெல்லாம் இழுத்துட்டுக் கெடந்தான். கட்டில்ல போட்டு ரோட்டுக்குத் தூக்கிட்டு ஓடினோம். சாகலைன்னா சொல்லுது உன்ற கணக்கு?"

எனக்குப் பகீரென்றது. அந்த அரைகுறை வரிகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குள் ஓடின. பெயர் மட்டும் எழுதி மற்றதெல்லாம் வெறுமையாக இருந்த வரிகள். திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் டீயைத் தொடாமல் பெஞ்சில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்.

அலுவலகத்தில் போய்ப் பிடித்தேன். "ஏனுங்க, தப்புப் பண்ணிட்டமுங்க! நமக்குத் தெரியாமப் போச்சே!" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் கணினிக்கு முன்னால் அதை இயக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றார். "மொத வரியிலயே தெரிஞ்சுது."

காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அவர் எதையும் இரண்டாம் தரம் சொல்லமாட்டார் என்பதால் கேட்கவும் முடியவில்லை. "தெரிஞ்சே அழிச்சீங்களா?" என்று மட்டும் வந்தது.

"அழிக்கலீங்க. வேறயா ஒதுக்கி வெச்சேன். நாளைக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்னு… தெறந்தா அந்தப் பேரெல்லாம் வரிசையா நிக்குமுங்க. என்னால முடியல."

"என்ன முடியல? அந்தப் பொம்பள நெற மாசமா நிக்கறா, உங்களுக்குப் பாக்க முடியலையா?" இன்னும் என்னென்னவோ கத்தினேன். வாயில் வராத வார்த்தை இல்லை. அவர் தடுக்கவில்லை. நான் ஓய்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்க ஊட்ல ஆடி அமாவாசைக்கு எல போடுவாங்க. எங்கப்பாருக்கு ஒண்ணு, எங்கண்ணனுக்கு ஒண்ணு. நான் பொறக்கறதுக்கு முன்னாலயே போய்ட்டான். எங்கம்மா அந்த எலைக்கு முன்னால உக்காந்து பேரச் சொல்லிக் கூப்புடும். எம்பட பேரு. சின்னப் பையனா இருக்கறப்ப ஒரு தடவ நான் ஓடிப் போய் எலைல உக்காந்துட்டேனுங்க. 'உன்னையில்ல கண்ணு, எந்திரிச்சுத் தள்ளி நில்லு'ன்னுச்சு."

கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. ஒரு மனிதனுக்குத் தன் துக்கத்தைப் பார்க்கப் பயம் என்பதற்காக ஊரார் துக்கத்தையும் சேர்த்து மூடிவைக்கலாமா? ஆனால் இலையில் உட்கார்ந்த அந்தச் சிறுவனை அடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கோப்பை நான்தான் திறந்தேன். பிரித்த வரிகளைத் திரும்பச் சேர்க்கிற கட்டளையையும் நானே அடித்தேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தார். சேர்த்தால் மட்டும் போதாது, எந்த வயதில் போனார்கள் என்று தெரிய வேண்டும். தலைவர் வருவதற்குள் கேட்டு முடிக்க வேண்டும். அவரே போகிறேன் என்றார். அவரைத் தனியாக விட எனக்கு நம்பிக்கையில்லை, நானும் போனேன்.

முதல் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த ஒரு பெண். நான் சுற்றி வளைத்து விசாரித்தேன். அவள் பெயரைச் சொன்னாள், பிறகு கிழங்கைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எங்கள் பையன்கள் இந்த இடத்தில்தான் எழுந்து வந்திருக்கிறார்கள். அவர் எழவில்லை.

"எனக்கும் ஒரு அண்ணன் இருந்தானுங்க" என்றார். "அவன் பேரத்தான் எனக்கு வெச்சாங்க."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். எந்தப் பயிர் காலத்தில், தவழ்ந்தானா நடந்தானா, எப்படிக் காய்ச்சல் கண்டது, எந்த மேட்டில் பாதித் தூரத்தில் திரும்பினார்கள் என்பது வரை சொன்னாள். நான் எழுதினேன். அவர் அழுதார், கூச்சமே இல்லாமல். வீட்டுக்கு வீடு இதுதான் நடந்தது. சில இடங்களில் நாங்கள் போவதற்குள் சேதி போய்விட்டிருந்தது. "நீங்கதான் அண்ணன் பேரு வாங்கினவருங்களா?" என்று கேட்டு மணை எடுத்துப் போட்டார்கள். என் கேள்வித்தாள் செய்யாத வேலையை அது செய்தது.

புதுப் படத்தில் வெள்ளையாக இருந்த ஊர்கள்தான் மலையிலேயே அடர்ந்த சிவப்பாக வந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட திகிலை எழுதத் தெரியவில்லை. இதை எங்கள் கையால் வெளுத்து வைத்திருந்தோம்.

தலைவர் வந்தார். கூட்டத்துக்குப் போகிற வழியிலேயே ஒத்தையாளிடம் நான் கெஞ்சினேன், "மென்பொருள் பழக்கமில்லாமத் தவறிப்போச்சுன்னு சொல்லுங்க, போதும்." அது பொய்யும் இல்லையே, பாதி உண்மைதானே. அவர் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்:

"முன்னால அனுப்புன படம் தப்புங்க சார். நாந்தான் பண்ணேன். தெரிஞ்சே பண்ணேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொல்றீங்க? தெரிஞ்சேவா?"

"ஆமாங்க சார், தெரிஞ்சே பண்ணேன்" என்றார்.

நர்சும் ஜீப்பும் வாழவந்தி நாட்டுக்கு என்று அன்றே முடிவானது. இனி அவர் கையில் தரவைக் கொடுக்க முடியாது, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளட்டும் என்றும் அன்றே முடிவானது. இரண்டுமே சரியென்றுதான் எனக்குத் தோன்றியது. இரண்டாவது முடிவுக்காக வீட்டுக்குப் போய் அழவும் செய்தேன்.

அவர் மலை இறங்கிய அன்று பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பையை வைத்துக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் வந்து சேர்ந்திருந்தாள், அக்காவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டும் போயிருந்தாள். அக்கா பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். இவருக்குச் செத்துப்போன அண்ணன் ஒருவன் உண்டு என்று அவள் காதுக்கும் வந்திருந்தது. இவர்தான் பெரிய சடையனை ஒதுக்கிவைத்தவர் என்பதும் தெரியும். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எதிர் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள். "உங்கண்ணன் பேரு என்னங்க?" என்றாள்.

அவர் சொன்னார்.

"அட, அது உங்க பேராச்சே!"

"இல்லீங்க" என்றார் அவர். "அது எங்கண்ணன் பேருதானுங்க. எனக்கு அப்பறமாத்தான் குடுத்தாங்க."